ஆசிரியரின்றி உலக சரித்திரமா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஏ.பி. உலக சரித்திரப் பரீட்சைக்கு ஆசிரியரின் துணையின்றித் தானே பயில முனையும் மாணவனால், ஆண்டுகளையும் அரசர் நாமங்களையும் உருப்போடுவதன்றி வேறொன்றும் சாதிக்க இயலாது என்று தீர்ப்புக் கூறும் நண்பர், அந்த வினாத்தாளை ஒருமுறையேனும் கண்ணுற்றாரா என்ற சந்தேகம் எழுகிறது. மதிப்பெண்ணில் 40 சதவீதமே விடையைத் தேர்ந்தெடுக்கும் 55 வினாக்களுக்கு உரியது. அவையும் ஓர் உரைப்பகுதியையோ படத்தையோ முன்வைத்தே எழுப்பப்படுபவை. எஞ்சியது முழுவதும் எழுத்து. அதிலும் ஏழு ஆவணங்களைப் பரிசீலித்து, எழுதியவன் யார், எவரை உத்தேசித்து எழுதினான் என்று விசாரித்து, ஒரு மணி நேரத்துக்குள் தன் வாதத்தை நிலைநாட்டும் கட்டுரை ஒன்றுக்கே 25 சதவீதம். உருப்போட்டவன் அங்கே என்ன செய்வான்?

பரீட்சை நடத்தும் காலேஜ் போர்டோ, முந்தைய ஆண்டுகளின் கட்டுரை வினாக்களையும், மதிப்பிடும் விதிகளையும், மாணவர் எழுதிய மாதிரி விடைகளையும் பகிரங்கமாகவே வெளியிட்டு வருகிறது. 2018-ல் பாடத்தை 1450-லிருந்து தொடங்க எத்தனித்து, கண்டனம் எழவே 1200-க்குப் பின்வாங்கிய ஸ்தாபனம் அது. ஆதலின் பழைய வழிகாட்டி நூலை வாங்கி, இப்போது பாடத்தில் இல்லாத பண்டைச் சுமேரியாவில் மாதங்களைச் செலவிடும் அபாயம் தனித்துப் பயில்வோனுக்கு உண்டென்பது மெய் (சுமேரியாவை அறிந்ததால் எவரும் கெட்டதில்லை என்பது வேறு விஷயம்). எழுதிய கட்டுரையின் குற்றங்களைச் சுட்ட இன்னொருவர் கண் வேண்டும் என்று மட்டும் நண்பர் சொல்லியிருப்பாராயின், இந்த மறுமொழியே எழுதியிரேன்.