தூசியில் முதலாளியின் பெயர் எழுதியிருக்காது

சென்ற மாதம் படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். ஒருவர் முதல் நிறுவனத்தில் பத்து ஆண்டுகள் வேலை செய்தார். இரண்டாவது நிறுவனத்தில் பத்து ஆண்டுகள். இரண்டு இடத்திலும் கல்நார்த் தூசி பறந்தது. இரண்டு முதலாளிகளும் அதைத் தடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துக் கல்நாரால் வரும் புற்றுநோய் தாக்கி அவர் இறந்துபோனார். அவருடைய மனைவி யாரிடம் இழப்பீடு கேட்க வேண்டும்?

"ரெண்டு பேருகிட்டயும்தான், டீச்சர்" என்று வகுப்பே சொன்னது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் கையைத் தூக்கினாள். "யாரோட தூசியால நோய் வந்துச்சின்னு அந்த அம்மா எப்படி நிரூபிப்பாங்க?"

இதே கேள்விதான் பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. அறிவியல் "தெரியாது" என்று கைவிரிக்கும்போது, அந்தத் தெரியாமையின் விலையை யார் கொடுக்க வேண்டும்? நோயாளியின் குடும்பமா, தூசியைப் பறக்கவிட்டவரா? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தூசியைப் பறக்கவிட்டவர்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் அந்தத் தூசியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் ஒரு கனிமம். தீப்பிடிக்காது, மலிவானது, நூலைப் போல நெய்யவும் சிமெண்டோடு கலக்கவும் ஏற்றது. அதனால் கூரைத் தகடு, நீர்க்குழாய், கொதிகலன் உறை, வாகன பிரேக் என எங்கும் அது புகுந்தது. மற்ற கற்கள் உடைந்தால் துகளாகும். கல்நாரோ நீளவாக்கில் பிளந்து, மேலும் மேலும் மெல்லிய இழைகளாகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும்.

நம் உடலில் அந்நியப் பொருளை விழுங்கி அழிக்கும் விழுங்கணுக்கள் இருக்கின்றன. நீளமான கல்நார் இழை அந்த உயிரணுவைவிட நீளமாக இருக்கும். அதை முழுசாக விழுங்கவும் முடியாமல், கரைக்கவும் முடியாமல் விழுங்கணு தோற்றுப்போகிறது. அழற்சி மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. சில இழைகள் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை எட்டுகின்றன. அந்த உறையில் உண்டாகும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. தென்னாப்பிரிக்காவின் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 நோயாளிகளை ஆராய்ந்து, இந்நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை 1960-இல் மருத்துவர் வாக்னரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள்.

இரண்டு உண்மைகளை நினைவில் வையுங்கள். ஒன்று, தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் ஓடிவிடும். இரண்டு, எந்த இழை நோயைத் தொடங்கி வைத்தது என்று எந்த நுண்ணோக்கியும் காட்டாது. நுரையீரலில் சிக்கிய இழையில் முதலாளியின் பெயர் எழுதியிருக்காது.

ஐம்பது விழுக்காட்டுச் சிக்கல்

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் அந்த அளவுக்குத் தேவையில்லை. "இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று காட்டினால் போதும். கணக்கில் சொன்னால் 50 விழுக்காட்டுக்கு மேல்.

இப்போது என் வகுப்புக் கணக்குக்குத் திரும்புவோம். ஒரே முதலாளி இருந்திருந்தால் அந்த மனைவி வென்றிருப்பார். சமமாகத் தூசி பறக்கவிட்ட முதலாளிகள் இருவர் என்றால், ஒவ்வொருவர் பக்கமும் 50 விழுக்காடு. யாரும் கோட்டைத் தாண்டவில்லை. மூவர் என்றால் ஆளுக்கு 33 விழுக்காடு. தவறு செய்தவர்களின் எண்ணிக்கை கூடக்கூட அத்தனை பேரும் தப்பித்துக்கொள்கிறார்கள்!

இது கற்பனையல்ல. பிரிட்டனில் மூன்று குடும்பங்களின் வழக்குகள் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. இரண்டில் கணவரை இழந்த மனைவியர் வழக்காடினார்கள்; மூன்றாவதில் நோயாளியே வழக்காடினார். சட்ட நூல்கள் இதை 'ஃபேர்சைல்ட் வழக்கு' என்று குறிப்பிடுகின்றன. எந்த முதலாளியின் தூசி காரணம் என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி, 2001 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குடும்பங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, 2002-இல் அதை மாற்றியது. தொழிலாளியைக் காக்க வேண்டிய கடமையை மீறி, அவருக்கு நோய் வரும் ஆபத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியிருந்தாலே அந்த முதலாளி பொறுப்பாளி என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள்.

இதில் முதலாளிக்கு அநீதி நேராதா? நேரலாம். நோய்க்குக் காரணமே இல்லாத ஒருவர் பணம் கட்டும்படி ஆகலாம். மூத்த நீதிபதி பிங்கம் பிரபு இதை மறைக்கவில்லை. இரண்டு பக்கத்து அநீதியையும் தராசில் வைத்துப் பார்த்தார். கடமை தவறிய முதலாளி பணம் கட்டுவதைவிட, ஒரு தவறும் செய்யாத குடும்பம் வெறுங்கையோடு போவதே பெரிய அநீதி என்று முடிவு செய்தார். நானும் அவர் பக்கம்தான். அந்தத் தொழிலாளிக்கு அன்று தெரிவதற்கு வழியில்லை. முதலாளிக்கோ தூசியைத் தடுக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் இருந்தது.

தீர்ப்போடு முடியவில்லை

அடுத்த சிக்கல் 2006-இல் வந்தது. ஒவ்வொரு முதலாளியும் தன் பங்குத் தூசிக்கு மட்டும் கட்டினால் போதும் என்று இன்னொரு வழக்கில் அதே சபை தீர்ப்பளித்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளில் எத்தனையோ நிறுவனங்கள் மூடப்பட்டுவிடும். மூன்று முதலாளிகளில் இருவர் திவாலாகியிருந்தால், அவர்களின் பங்கு குடும்பத்துக்கு இல்லை என்றாகிவிடும். மூன்றே மாதத்துக்குள் நாடாளுமன்றம் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மீசோதீலியோமாவைப் பொறுத்தவரை, பொறுப்பான எந்த ஒரு முதலாளியிடமிருந்தும் குடும்பம் முழுத் தொகையையும் பெறலாம். மற்றவர்களின் பங்கை வசூலிப்பது கட்டியவரின் வேலை.

முதலாளியும் இல்லை, அவருடைய காப்புறுதி நிறுவனமும் யாரென்று தெரியவில்லை என்றால்? அதற்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது. முதலாளிகளுக்குக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களிடம் வரி வசூலித்து, அந்த நிதியிலிருந்து நோயாளிக்கோ அவரைச் சார்ந்திருந்த குடும்பத்துக்கோ பணம் தருகிறார்கள். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்துத் துவைத்தே தூசியைச் சுவாசித்த மனைவியரும் உண்டு. அவர்களைப் போல வேலைத்தளத்துக்கே போகாதவர்களுக்காக 2008-இல் ஓர் அரசாங்கத் திட்டம் தொடங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் இறப்பின் துயரத்துக்கென ஒரு நிலையான தொகை உண்டு. 2020-இல் அது 15,120 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அதைத் துணைவர் பெறலாம். தந்தையை இழந்த பிள்ளைகள் பெற முடியாது. அவர் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்ததற்கான இழப்பை மட்டுமே பிள்ளைகள் கேட்கலாம். வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். ஆனால் அந்தக் கடிகாரம் தூசியைச் சுவாசித்த நாளில் ஓடத் தொடங்குவதில்லை. நோயைப் பற்றியும் அதன் காரணத்தைப் பற்றியும் தெரியவந்த நாளிலிருந்தே ஓடுகிறது. நோயாளி அந்த அவகாசத்துக்குள் இறந்துவிட்டால், குடும்பத்துக்குப் புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கிறது. 30, 40 ஆண்டு ஒளிந்திருக்கும் நோய்க்கு அதுதானே பொருந்தும்?

நம் நாட்டில்

மலேசியாவில் வழி வேறு. 1969-ஆம் ஆண்டின் பணியாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்கேசோ இழப்பீடு வழங்குகிறது. முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய்களில், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் உண்டு. அந்நோயால் தொழிலாளி இறந்தால், சார்ந்தோர் உதவித்தொகையில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இது நல்ல ஏற்பாடு. ஏழைக் குடும்பத்துக்கு வழக்கறிஞர் செலவு மிச்சம். இதற்கு ஈடாகச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது: பெர்கேசோ பாதுகாப்பில் உள்ளவரின் குடும்பம் அதே பாதிப்புக்காக முதலாளிமீது வழக்குப் போட முடியாது.

அதனால்தான் அச்சட்டத்தின் 28-ஆவது பிரிவு எனக்கு உறுத்துகிறது. அட்டவணையில் உள்ள வேலையைச் செய்பவருக்கு, வேலையில் இருக்கும்போதோ அதை விட்ட 60 மாதங்களுக்குள்ளோ அந்நோய் வந்தால், மறுத்து நிரூபிக்கப்படாத வரை அது வேலையால் வந்ததாகவே கருதப்படும். அறுபது மாதம் என்பது ஐந்து ஆண்டு. மீசோதீலியோமாவுக்கு 30, 40 ஆண்டு. தோல் அழற்சி போன்ற நோய்க்கு ஐந்து ஆண்டு தாராளம். இந்த நோய்க்கோ, கணக்குப் போட்டுப் பார்த்தால், தொழிலாளி பணி ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் காலத்தில்தான் அது வெளியே வரும். அதற்குள் அந்தச் சாதகமான அனுமானம் எப்போதோ காலாவதியாகியிருக்கும். நிரூபிக்கும் சுமை மீண்டும் குடும்பத்தின் தலையில்.

காலவரம்பை எடுத்துவிட்டால் பொய்க் கோரிக்கைகள் பெருகும் என்று சிலர் சொல்லலாம். மீசோதீலியோமாவை யாரும் நடித்துக் காட்ட முடியாது. திசுவை எடுத்துச் சோதித்தே உறுதி செய்கிறார்கள். "மறுத்து நிரூபிக்கப்படாத வரை" என்ற சொற்கள் இருப்பதால், பொருந்தாத கோரிக்கையை மறுக்கவும் இடமுண்டு. ஆகவே, நீண்ட காலம் மறைந்திருக்கும் நோய்களுக்கு மட்டுமாவது 60 மாத வரம்பை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. அதோடு, கல்நாரோடு வேலை செய்தவர்களின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதி இருக்கிறது. நோயின் வயதுக்கு ஏற்ற பதிவு அது. நாமும் அப்படிப்பட்ட பதிவேடுகளுக்கு அழுத்தம் தர வேண்டும்.

சட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தாத்தாவோ அப்பாவோ கட்டுமானத்திலோ, கப்பல் பட்டறையிலோ, குழாய் பதிக்கும் வேலையிலோ, பிரேக் பழுதுபார்ப்பிலோ இருந்திருந்தால், உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த நிறுவனம், கூட வேலை செய்தவர்கள் யார் யார்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய சம்பளச் சீட்டையும் சொக்சோ சந்தா விவரத்தையும் தூக்கி எறியாதீர்கள். நீண்ட நாள் இருமலோ மூச்சுத் திணறலோ வந்து மருத்துவரிடம் போகும்போது, பழைய வேலையையும் சொல்லச் சொல்லுங்கள்.

பின்வரிசை மாணவி அடுத்த வாரம் என்னிடம் வந்தாள். அவளுடைய தாத்தா இளவயதில் கூரைத் தகடு அறுக்கும் வேலை செய்தவராம். இப்போது நலமாகத்தான் இருக்கிறார். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நிறுவனத்தின் பெயர் மட்டும் அவருக்கு நினைவில்லை. அவரோடு வேலை செய்த ஒருவர் இன்னும் அதே ஊரில் இருக்கிறார், அவரைக் கேட்கப் போகிறேன் என்றாள்.