பெயரில்லாத போத்தலுக்கு முகத்தைக் கொடுக்கிறதில்லை

போன வருசம் எங்கட குழுவில ஒருத்திக்குக் கலியாணம் சரிவந்தது. வயது இருபத்தாறு. எழுத்துக்கு முதல் ஒருக்கா முகத்தைச் செய்விப்பம் எண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு அழகுக்கலை நிலையத்துக்குப் போனாள். கதிரையில் சாய்த்து, லைற்றைக் கிட்டப் பிடித்து, நெற்றியைத் தடவிப் பார்த்த அக்கா சொன்ன முதல் வசனம்: "என்ன தங்கச்சி, இப்பவே கோடு விழத் தொடங்கிட்டுது."

அதுவரைக்கும் அந்தக் கோடு அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் ஒரு 'பீல்' செய்ய ஒத்துக்கொண்டாள். "ஒப்பரேஷன் இல்லை, ஊசி இல்லை, பயப்பிட ஒண்டுமில்லை" எண்டு சொன்னார்கள். லேபல் உரிந்த ஒரு போத்தலில் இருந்து எதையோ எடுத்துப் பூசினார்கள். எரியுது எண்டு சொன்னபோது, "எரிஞ்சால்தான் வேலை செய்யுது" எண்டு பதில் வந்தது. மூன்றாம் நாள் இரண்டு கன்னமும் பொருக்கு. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கருந்தவிட்டு நிறத்தில் திட்டு. நாங்கள் நாலு பேர் போய்க் கேட்டோம், "அந்தப் போத்தலுக்குள்ள இருந்தது என்ன?" கடைசிவரை ஒருவரும் பெயர் சொல்லவில்லை. ஒளித்தார்கள் எண்டு நாங்கள் நினைக்கவில்லை. அவர்களுக்கே தெரியாது. அதுதான் எங்களை இதை எழுத வைத்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். முகத்தில் கோடு விழுவதைப் பற்றிக் கவலைப்படுகிற பெண்களைப் பார்த்துச் சிரிக்கிற கட்டுரை இதில்லை. "உள்ளழகுதான் அழகு" எண்டு பேஸ்புக்கில் எழுதிவிட்டு, பொம்பிளை பார்க்கிற நேரம் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்க்கிற ஆட்களை எங்களுக்கு நல்லாய்த் தெரியும். தன்ர முகத்தை என்ன செய்யலாம் எண்டு கேட்கிறது அவரவர் உரிமை. எங்கட சண்டை அந்தக் கேள்விக்குப் பொய்ப் பதில் விற்கிறவர்களோடு.

பெரிய பொய் அந்த ஒரு வசனத்துக்குள்ளேயே இருக்கு: "ஒப்பரேஷன் இல்லை, அதால பயமில்லை." கத்தி வைக்காவிட்டால் பாதுகாப்பு எண்டு ஆர் சொன்னது? பீல் எண்டால் அமிலம். லேசர் எண்டால் வெப்பம். மைக்ரோநீட்லிங் எண்டால் நூற்றுக்கணக்கான ஊசித் துளை. மூன்றுமே தோலை வேண்டுமென்றே காயப்படுத்தி, அது ஆறுகிறபோது புதுத் தோல் வரும் எண்டு நம்புகிற சிகிச்சைகள். காயத்தின் ஆழத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் செய்தால் அது சிகிச்சை. தெரியாதவர் செய்தால் அது வெறும் காயம்.

எங்கட மண்ணிறத் தோலுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கு. எங்கட தோலில் மெலனின் கூட. அது வெயிலிலிருந்து கொஞ்சம் காப்பாற்றும். அதனால் வெள்ளைத் தோலைவிட எங்களுக்குக் கோடுகள் பிந்தித்தான் விழும். ஆனால் அதே தோல், எரிந்தாலோ புண்பட்டாலோ கறுத்துத் திட்டாகும். பரு வந்து போன இடம் மாதக்கணக்கில் கறுப்பாய் நிற்கிறது இதனால்தான். ஆகவே வெள்ளைத் தோலுக்கு எழுதின அளவில் அமிலத்தையோ ஒளியையோ எங்கட முகத்தில் வைத்தால், இல்லாத கோட்டை அழிக்கப் போய் இருக்கிற நிறத்தைக் கெடுப்போம். ஐ.பி.எல். எண்ட ஒளிக் கருவி கருந்தோலைச் சுட்டுவிடக்கூடியது. அதன் ஒளியை மெலனின்தான் உறிஞ்சும். 1064 நனோமீற்றர் அலைநீளத்தில் வேலை செய்கிற லேசர் எங்கட நிறத்துக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. உங்கட ஊர் நிலையத்தில் இருக்கிற மெஷினின் அலைநீளம் என்ன எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

சரி, கோடு ஏன் விழுகிறது? சிரிக்கிறதாலும் நெற்றியைச் சுருக்கிறதாலும் தோல் மடிகிற இடங்கள் இருக்கு. வயதோடு கொலாஜன் குறைகிறது. புகை அதைக் கெடுக்கும். ஆனால் வெளியிலிருந்து வருகிற காரணங்களில் பெரியது வெயில். 2012 இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படத்தைக் கனபேர் பார்த்திருப்பீர்கள். 28 வருடம் லொறி ஓட்டின 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாய்ச் சுருங்கி, வேறொரு ஆளின் முகம்போல இருக்கும். யூ.வி.ஏ. கதிர் கண்ணாடிக்குள்ளாலும் வரும். ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சாப்பாடு. வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் எண்டொரு ஊரில் செய்த ஆய்வு 2013 இல் வெளியானது. 55 வயதுக்குக் குறைந்த 903 பேர். ஒரு பகுதியினர் நாளாந்தம் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மற்றவர்கள் தாங்கள் நினைத்தபடி பூசலாம். நாலரை வருடத்தின் பிறகு பார்த்தால், நாளாந்தம் பூசினவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 வீதம் குறைவு. இதில் இயந்திரமும் இல்லை, 'பிரைடல் பக்கேஜும்' இல்லை. ஒரு டியூப்தான்.

இதை ஏன் கதிரையில் சாய்த்து வைத்துச் சொல்லுகிறார்கள் இல்லை? ஏனெண்டால் குடை பிடி, தொப்பி போடு, ஒவ்வொரு நாளும் எஸ்.பி.எஃப். 30க்கு மேல் பூசு எண்டு சொல்லிப் பன்னிரண்டாயிரம் ரூபா வாங்க ஏலாது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும் எண்டதுகூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொட்டளவு தொட்டுத் தடவிவிட்டு "சன்ஸ்கிரீன் வேலை செய்யேல்லை" எண்டு சொல்லுகிறோம்.

இன்னொரு விசயத்தையும் பார்க்க வேண்டும். சன்ஸ்கிரீன் விளம்பரத்தில் ஏ.சி. அறைக்குள் இருக்கிற பெட்டைதான் வருகிறாள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெயிலுக்குள் குனிந்து வெங்காயம் நடுகிற பெண்ணோ, மலையகத்தில் கொழுந்து எடுக்கிற பெண்ணோ அதில் வருவதில்லை. வெயில் அவர்களின் முகத்தில்தான் முதலில் எழுதுகிறது. தலையில் சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிற அவர்களைப் பார்த்து நாங்கள் "பட்டிக்காடு" எண்டோம். உண்மையில் எங்களைவிடப் புத்திசாலித்தனமாய்த் தோலைக் காத்தவர்கள் அவர்கள்தான்.

சன்ஸ்கிரீனுக்கு அடுத்தபடியாய் நல்ல ஆதாரம் உள்ள மருந்து ரெற்றினொயிட் குடும்பம். அதில் ஒன்றான ட்ரெற்றினொயினுக்கு, மெல்லிய சுருக்கங்களுக்கெண்டு அமெரிக்காவில் 1995 இல் அனுமதி கிடைத்தது. இரவில், பயறளவு, முதலில் கிழமைக்கு இரண்டு நாள். தோல் காயும், உரியும், பொறுக்க வேண்டும். பலன் தெரிய மாதக்கணக்காகும். கர்ப்பமாய் இருக்கிறவர்களும் கர்ப்பத்துக்கு எதிர்பார்க்கிறவர்களும் பாவிக்கக் கூடாது. கலியாணத்துக்குத் தயாராகிற பெண்களுக்கு இதை விற்கிற இடத்தில் அந்தக் கேள்வியை ஆராவது கேட்கிறார்களா? வைத்தியர் கேட்பார். அதனால்தான் இது வைத்தியரிடம் வாங்க வேண்டிய பொருள்.

ஊசிப் பக்கமும் ஒரு வார்த்தை. பொட்டொக்ஸ், நெற்றியை அசைக்கிற தசைக்கு நரம்பு அனுப்புகிற செய்தியைத் தடுக்கிறது. புருவங்களுக்கிடையில் விழுகிற கோடுகளுக்கு அமெரிக்காவில் 2002 இல் அனுமதித்தார்கள். மூன்று நாலு மாதத்தில் பலன் போய்விடும்; திரும்பப் போட வேண்டும். தெரிந்த வைத்தியர், உண்மையான மருந்து எண்டால் பெரிய ஆபத்தில்லை. ஃபில்லர் வேறு கதை. ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அரிதுதான். ஆனால் அப்படி நடந்தால் உடனே என்ன செய்வது எண்டு தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹோட்டல் அறையில் வந்து போட்டுவிட்டுப் போகிறவர் நிற்க மாட்டார்.

"வெளிநாட்டில எல்லாம் செய்யினம்தானே" எண்டு சொல்லுகிறவர்களுக்கு: அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவில் ஒரு ஸ்பாவில் 'வம்பயர் ஃபேஷியல்' செய்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018 இல் விசாரணை தொடங்கியது. 2024 இல் முழு விபரம் வெளிவந்தது. அந்த இடத்துக்கு அனுமதிப் பத்திரமே இல்லை. பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் குசினி மேசையில் இருந்தன. பிரிட்ஜுக்குள் சாப்பாட்டோடும் இருந்தன. அங்கும் பெயரில்லாத போத்தல்தான்.

இங்கே எங்களுக்கு மிகக் கிட்ட இருக்கிற ஆபத்து ஊசியும் இல்லை, லேசரும் இல்லை. 'ஃபோர்முலா கிறீம்' எண்டு சின்னச் சின்ன டப்பாவில் கை மாறுகிற சாமான்தான். ஒரு கிழமையில் முகம் வெளுக்கும், மினுங்கும், கோடு மறையும். இப்படியான கலவைகளில் குளோபெற்றசோல், பெற்றாமெதசோன் போன்ற ஸ்டிரொயிட்டுகள் இருக்கக்கூடும். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் அவை தோலை மெலிய வைக்கும், சிவப்பு நரம்பு தெரிய வைக்கும், நிறுத்தினவுடனே பருவும் எரிவுமாய்த் திருப்பி அடிக்கும். கோட்டுக்குப் பயந்து வாங்கின கிறீம் தோலைக் கிழவியின் தோலாக்குகிறது. சிலதில் பாதரசமும் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசினவரின் கையால் வீட்டில் இருக்கிற குழந்தைக்கும் போகும். லேபலில் 'கலோமல்' எண்டோ 'மேர்கியூரஸ் குளோரைட்' எண்டோ இருந்தால் அது பாதரசம். லேபலே இல்லையெண்டால் வாங்காமல் விடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

"அப்ப இயற்கையாய்ச் செய்யிறம்" எண்டு தேசிக்காயைக் கையில் எடுக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலுக்குள் போனால் தோல் வெந்து கொப்பளிக்கும். இயற்கை எண்ட சொல்லும் ஒரு லேபல்தான். அதையும் வாசித்துத்தான் நம்ப வேண்டும்.

இனி ஆரும் உங்கட முகத்தில் கை வைக்க முதல் இந்த ஐந்தையும் கேளுங்கோ:

1. இதில் இருக்கிற பொருளின் பெயர் என்ன, எத்தனை வீதம்? போத்தலை நான் போட்டோ எடுக்கலாமா?
2. செய்கிறவர் ஆர்? வைத்தியர் எண்டால் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கம் என்ன?
3. என்னுடைய நிறத்தில் இருக்கிற ஆட்களுக்குச் செய்திருக்கிறீர்களா? கறுத்துப் போனால் என்ன செய்வீர்கள்?
4. முதலில் சின்ன இடத்தில் பூசிப் பார்ப்பீர்களா?
5. இதைச் செய்யாமல் விட்டால் எனக்கு என்ன நடக்கும்?

ஐந்தாவது கேள்விக்கு உண்மையான பதில் பெரும்பாலும் "ஒண்டும் நடக்காது." இருபத்தாறு வயதில் சிரிக்கிறபோது விழுகிற கோடு நோயில்லை. கேள்வி கேட்டதற்கு முகத்தைச் சுழித்தால் எழும்பி வாருங்கோ. முற்பணம் போனால் போகட்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கோ. பிழை நடந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அடிக்க அது உதவும். எங்களிடம் அன்றைக்குப் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. முறைப்பாடு சொல்லவும் கையில் ஒன்றும் இல்லை.

அழகுக்கலை நிலையம் நடத்துகிற அக்காமாரோடு எங்களுக்குப் பகையில்லை. கனபேர் தனிய நின்று, கடன் எடுத்து, குடும்பத்தைத் தூக்கினவர்கள். அவர்களுக்கும் இந்தப் போத்தலை ஆரோ ஒருவர் பெயர் இல்லாமல்தான் விற்றார். அவர்களும் அந்தக் கேள்வியைத் தங்கட விநியோகஸ்தரிடம் கேட்கட்டும். கையுறை இல்லாமல் அந்த அமிலத்தைத் தொடுகிறது அவர்களின் விரல்கள்தான்.

எங்களையும் விட முடியாது. வட்ஸ்அப் குறூப்பில் அந்த நிலையத்தின் விளம்பரத்தைப் போட்டது எங்களில் ஒருவர். "முன் - பின்" படத்துக்கு இதயம் போட்டது நாங்கள் எல்லாரும். அந்தப் 'பின்' படம் ஃபில்ட்டரா எண்டு ஒருவரும் கேட்கவில்லை.

அவளை நாங்கள் கடைசியில் அரசாங்க ஆசுப்பத்திரியின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். விடிய வெள்ளென நம்பர் எடுத்து, வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். காசு ஒரு சதமும் இல்லை. வைத்தியர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. பூசுகிற எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு மருந்து, ஒரு சன்ஸ்கிரீன், குடை. "கோடு எங்க இருக்கு?" எண்டு அவள் கேட்டதுக்கு லைற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியேல்லை பிள்ளை" எண்டார்.

எழுத்துப் போட்டோவில் திட்டு தெரிகிறது. மேக்கப்பால் முழுசாய் மறைக்க ஏலாமல் போய்விட்டது. இப்ப பத்து மாதம், முக்கால்வாசி மங்கிவிட்டது. அந்தப் படத்தை அவள் அல்பத்திலிருந்து எடுக்கவில்லை. இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.