குக்கருக்கு கேஸ்கட் கிடைக்குது, ஜன்னலுக்கு ஏன் கிடைக்கலை?

ஜன்னல் ரப்பர் தொய்ந்து போனால் ஜன்னலையே மாற்றச் சொல்கிறார்கள். இது அநியாயம் என்பது என் கட்சி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் பர்ஸுக்கு நல்லது.

நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். மாற்றலாகி நொய்டா வந்து பல வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்து அடுக்குமாடிகள் பலவற்றில் யூபிவிசி ஜன்னல்தான். வெள்ளை பிளாஸ்டிக் சட்டம், அதில் இரண்டு கண்ணாடி, நடுவில் சின்ன இடைவெளி. தேக்கு ஜன்னலும் இரும்புக் கம்பியும் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் தெரியும். ஆனால் மே மாத 45 டிகிரி வெயிலுக்கும், ஜனவரிக் குளிருக்கும், ராத்திரியெல்லாம் ஹாரன் அடிக்கும் லாரிகளுக்கும் இது நல்ல ஏற்பாடு. அதை மறுக்கவில்லை.

சட்டம் சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர். எட்டுப் பத்து கோடை பார்த்ததும் அது சுருங்கி, விறைத்து, மூலைகளில் விலகி நிற்கும். அந்த இடுக்கு போதும். 2024 நவம்பர் 18 அன்று தில்லி வட்டாரத்தில் காற்று மாசுக்கான நான்காம் கட்டக் கட்டுப்பாடு வந்ததே, அன்றைக்கு எங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஆனாலும் ஜன்னல் திட்டில் விரலால் கோலம் போடலாம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. "காலையிலதானேடா துடைச்சேன்" என்று மறுபடி துணியை எடுத்துக்கொண்டு வருவார். நுண்துகள் ஒரு நாளில் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது நம் நாட்டு வரம்பு. குளிர்காலத்தில் இங்கே அதைப் பல மடங்கு தாண்டும் நாட்கள் உண்டு. அதனால் இதை வெறும் ரப்பர் விவகாரம் என்று ஒதுக்க முடியவில்லை.

ஜன்னல் போட்ட கம்பெனிக்கு போன் செய்தேன். ஆள் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ரப்பர் தனியா வராது சார், ஆறு ஜன்னலையும் மாத்திடுங்க" என்று 1,30,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். வாரண்டி அட்டையைப் பார்த்தேன். சட்டத்துக்குப் பத்து வருஷம், ரப்பருக்கு ஒரே வருஷம். எது முதலில் போகும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சரி, விஷயத்துக்கு வருவோம். 'சீல் போச்சு' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று சங்கதி இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, திறந்து மூடும் பாகம் சட்டத்தோடு ஒட்டும் இடத்து ரப்பர். ஒரு தாளை நடுவில் வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. ஓரமாக ஊதுபத்தி காட்டினாலும் தெரிந்துவிடும், புகை கோணலாக ஓடும். தள்ளு ஜன்னலாக இருந்தால் ரப்பருக்குப் பதில் பிரஷ் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதுவும் தேயும்.

இரண்டு, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடிக்கிற ரப்பர். தட்டினால் கண்ணாடி கடகடவென்று ஆடும்.

மூன்று, இரண்டு கண்ணாடிகளையும் ஓரத்தில் சேர்த்து ஒட்டிய பசை. இது விட்டுப்போனால் உள்ளே ஈரம் போய், எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாத பனிமூட்டம் தெரியும். இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. ஈரத்தை உறிஞ்ச ஓரப் பட்டைக்குள் வைத்த குருணை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் இதிலும் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும், சட்டம் அப்படியே இருக்கலாம். இதைச் சொல்லாமல் முழு ஜன்னலையும் விற்கிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

எங்கள் வீட்டில் போனது முதல் வகை. ரப்பரை மாற்றும் முன்னால் ஒரு காரியம்: பூட்டுப் பட்டையில் சின்ன உருளைக் குமிழ்கள் இருக்கும். பல ஜன்னல்களில் அவற்றை ஆலன் சாவியால் திருப்பினால் ஜன்னல் இன்னும் இறுக்கமாக மூடும். ரப்பர் லேசாகத் தளர்ந்திருந்தால் இதோடு வேலை முடிந்தது. செலவு பூஜ்யம்.

அதற்கும் மசியவில்லை என்றால், பழைய ரப்பரில் மூன்று அங்குலம் வெட்டி, ஜன்னல் சாமான் விற்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். வெட்டுமுகம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். ஈபிடிஎம் ரப்பர் கேளுங்கள். பழையதை உருவி, பள்ளத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, புதியதை விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான். இழுத்து மாட்டாதீர்கள். இழுத்தது ஒரே கோடையில் சுருங்கி மறுபடி இடைவெளி விடும். ஓர் இழை நீளமாகவே வெட்டி, இணைப்பை மேல்பக்கம் நடுவில் வையுங்கள், தண்ணீர் தேங்காது. எனக்கு ஆறு ஜன்னலுக்கு 60 மீட்டர், 1,800 ரூபாய், இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

சில எச்சரிக்கைகள். சட்டத்தின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் மழைத்தண்ணீர் வெளியேற வைத்தவை. காற்று வருகிறதே என்று சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள். ரப்பரில் எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் எதுவும் படக்கூடாது, உப்பிப் போகும். மாடியில் கண்ணாடியைக் கழற்றும் வேலை நமக்கு வேண்டாம், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஜன்னலை இறுக்கிய பிறகு கேஸ் அடுப்பு, கேஸ் கீசர் இருக்கும் இடத்தில் காற்றுப்போக்கு கட்டாயம் வேண்டும். தூசிக்குப் பயந்து விஷவாயுவில் மாட்டக் கூடாது.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாலு மீட்டர் ரப்பருக்கு ஆளை அனுப்பினால் கட்டுப்படியாகாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குக்கர் கம்பெனி வீட்டுக்கு ஆளா அனுப்புகிறது? கேஸ்கட்டைத் தெருமுனைப் பாத்திரக்கடையில் தொங்கவிட்டிருக்கிறான். நாமே வாங்கி நாமே மாட்டுகிறோம். கேஸ்கட் போச்சு என்று யாரும் குக்கரைத் தூக்கிப் போடுவதில்லை. ஜன்னலுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் முதலிய மின்னணு சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். ஆனால் பட்டியலில் ஜன்னல் இல்லை. நூறு ரூபாய் சமாச்சாரத்துக்கு லட்சம் கேட்கும் இந்த இடத்தையும் யாராவது பார்க்க வேண்டாமா?

போன வருஷம் ஓய்வுபெற்ற ஒருவர் ஜன்னல் மாற்றக் கடன் கேட்டு எங்கள் கிளைக்கு எஸ்டிமேட்டோடு வந்தார். கடன் கொடுப்பது என் பிழைப்பு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, முதலில் தாள் வைத்து இழுத்துப் பாருங்கள் என்றேன். அவருக்கு 900 ரூபாயில் முடிந்தது. எனக்கு ஒரு லோன் கணக்கு குறைந்தது, பரவாயில்லை :-)

புது ஜன்னல் போடப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான். பில்லில் சட்டத்தின் மாடல் பெயரையும் ரப்பரின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். கூடவே பத்து மீட்டர் உபரி ரப்பர் கேளுங்கள், வெயில் படாத பரணில் போட்டு வையுங்கள். தர மாட்டேன் என்கிற கடையில் ஜன்னல் வாங்காதீர்கள். நாலு பேர் இப்படி எழுந்து வந்தால் ஐந்தாவது ஆளுக்கு அவர்களே ரப்பரை எடுத்து நீட்டுவார்கள்.