பாதியில் நின்ற தையல்

பாலக்கரை ரவுண்டானாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தையற்கடை இருந்தது. வெகு காலமாக எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அங்கேதான். ஒரு ரம்ஜானுக்குக் கடைக்கார பாய் நாலு நாள் கடையை அடைத்தார். என் மனைவியின் ரவிக்கை பாதித் தையலில் நின்றது. ஐந்தாம் நாள் கடை திறந்ததும், விட்ட இடத்திலிருந்து தைத்துக் கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து பாய் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு மகனோடு போய்விட்டார். அப்போதும் ஒரு ரவிக்கை பாதியில் இருந்தது. புதுக் கடைக்காரரோ, "அதெல்லாம் பழைய கணக்கும்மா. மறுபடி அளவு கொடுங்க, முதல்லேருந்து தச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டார்.

"துணி என்னோடது, அளவும் மாறலை. அப்புறம் எதுக்குங்க முதல்லேருந்து?" என்று வீடு வந்து சேருகிற வரையில் என் மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள்.

நேயர்களே, நம் பார்லிமெண்டைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பார்லிமெண்டுக்கு இரண்டு விதமான கடையடைப்பு உண்டு. கூட்டத் தொடர் முடிவது ஒன்று. அது பாயின் ரம்ஜான் விடுமுறை மாதிரி. அதனால் எந்த மசோதாவும் சாகாது என்று நம் அரசியல் சட்டத்தின் 107-வது ஷரத்து சொல்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் கூட்டத் தொடர் முடிந்தாலே பாதியில் நிற்கும் மசோதா போய்விடும். அடுத்த தொடருக்கு எடுத்துச் செல்லச் சபை முன்கூட்டியே சம்மதித்தால்தான் பிழைக்கும். இலங்கையில் 2021 டிசம்பரில் ஜனாதிபதி கூட்டத் தொடரை முடித்து வைத்தார். அரசாங்கத் தொழில் நிறுவனங்களின் கணக்குகளைத் துருவிக்கொண்டிருந்த 'கோப்' கமிட்டியும் அதோடு கலைந்தது. 2022 ஜனவரியில் புதுத் தொடர் துவங்கிய பிறகு அதை மறுபடி நியமிக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் ஆபத்து இரண்டாவது அடைப்பில் இருக்கிறது. லோக் சபை கலைவது, கடையே கைமாறுவது போல. அங்கே கிடக்கும் மசோதாக்கள் காலாவதி. அங்கே நிறைவேறி ராஜ்ய சபையில் காத்திருப்பவையும் பொதுவாகக் காலாவதிதான். ராஜ்ய சபை கலைவதே இல்லை. ஆகவே அங்கே பிறந்து அங்கேயே இருக்கும் மசோதா மட்டும் தப்பும்.

பெண்களுக்குச் சட்டசபைகளிலும் லோக் சபையிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் மசோதாவின் கதையைப் பாருங்கள். 1996-ல் வந்தது. கீதா முகர்ஜி தலைமையில் ஒரு கூட்டுக் கமிட்டி உட்கார்ந்து, அந்த வருஷமே அறிக்கை கொடுத்தது. 1997-ல் சபை கலைந்தது, மசோதா போயிற்று. 1998-ல் மறுபடி வந்தது, 1999-ல் போயிற்று. 1999-ல் திரும்பவும் வந்தது, 2004-ல் போயிற்று. கீதா முகர்ஜி 2000-ல் காலமாகிவிட்டார்.

2008-ல் புத்திசாலித்தனமாக அதை ராஜ்ய சபையில் கொண்டுவந்தார்கள். 2010 மார்ச் 9-ம் தேதி அங்கே நிறைவேறியது. ஆதரவு 186 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று! ஆனால் நிறைவேறியதே அதற்கு வினையாயிற்று. சாகாத சபையை விட்டு லோக் சபைக்குப் போய், 2014-ல் அந்தச் சபையோடு அதுவும் முடிந்தது. 2023-ல்தான் சட்டமாயிற்று. அப்போதும், மக்கள் தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று எழுதியிருந்தார்கள்.

நம் ஊர்ப் பெயரும் இந்த மாதிரிக் கதை ஒன்றில் உண்டு. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனி அங்கத்தினர் மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் ராஜ்ய சபை நிறைவேற்றியது. அப்படியொரு மசோதா ராஜ்ய சபையைத் தாண்டியது 45 வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான். ஆனால் லோக் சபையை அது தாண்டவில்லை. சர்க்கார் 2016-ல் கொண்டுவந்த வேறொரு மசோதா லோக் சபையில் 2018 டிசம்பரில் நிறைவேறி, ராஜ்ய சபையில் காத்திருக்கையில் 2019 மே மாதம் காலாவதியாயிற்று. அதில் குறைகள் உண்டென்று திருநங்கையரே ஆட்சேபித்ததும் வாஸ்தவம். அப்படியானால் திருத்தியிருக்கலாம், அல்லது ஓட்டெடுத்துத் தோற்கடித்திருக்கலாம். இரண்டுமில்லாமல் அது போய்ச் சேர்ந்தது.

எனக்கு வருத்தமெல்லாம் இதில்தான். தோற்கடிக்க வேண்டுமானால் யாராவது கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கையை நாமும் பார்த்து வைத்துக்கொள்வோம். காலாவதிக்கு ஒரு கையும் வேண்டாம். "நான் வேண்டாம் என்று சொன்னேனா?" என்று எல்லாரும் கேட்கலாம்.

ஆகவே, பாலக்கரைத் தெருக்களில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "என்ன செய்வீர்கள்?" என்பதோடு, "எந்த வருஷத்தில் செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். முதல் வருஷம் கொடுத்த துணியைத் தைத்து வாங்கிவிடலாம். ஐந்தாவது வருஷம் கொடுத்தது அநேகமாகக் கத்தரியோடு நின்றுவிடும்.

என் மனைவி புதுக் கடைக்காரரிடம் அளவு கொடுத்துவிட்டாள். கையோடு தேதியும் எழுதி வாங்கிக்கொண்டாள்.