மாத்திரை மலிந்தது, கண்காணிப்பு?

பெங்களூரு விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய அரசு மருத்துவமனைகளை நாடும் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் வரலாறு, குரோமோசோம் ஆய்வின் வரலாறும் ஆகும்.

1960இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர்; அதுவே பிலடெல்பியா குரோமோசோம். 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இணைவில் பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. மலிவான இந்தியத் தயாரிப்புக்கு வழி உறுதியாயிற்று.

இவ்வெற்றியை முழு வெற்றி எனக் கொள்வது பிழை. தொடக்கத்தில் இந்நோயைச் செலுத்துவது பெரும்பாலும் ஒரே பிறழ்வு. ஆகவே ஒரே மாத்திரை பலிக்கிறது. நோய் கட்டுக்குள் வராதபோது செல் பகுப்பில் புதிய பிழைகள் சேரக்கூடும்: இரண்டாவது பிலடெல்பியா குரோமோசோம், கூடுதலான ஒரு 8ஆம் குரோமோசோம், உருமாறிய 17ஆம் குரோமோசோம். பிழைகள் தொடர்ந்து பெருகும் இப்போக்கே குரோமோசோம் நிலையின்மை. செல்கள் பலவகைப்படுவதால், மருந்துக்குத் தப்பும் வகை ஒன்று தழைக்க இடமுண்டாகிறது. நோய் முற்றிய பின் அதே மாத்திரை நெடுநாள் காக்காது. நுரையீரல், சூலகப் புற்றுநோய்கள் பலவும் கண்டறியப்படும்போதே இந்நிலையில் இருப்பதால்தான் அவற்றை ஒற்றை மருந்தால் அடக்குவது அரிதாகிறது.

ஆகவே மருந்து வழங்குவதோடு கடமை முடிவதில்லை. இணைவு மரபணுவின் அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்கும், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். அச்சோதனை தவறினால், பேருந்தேறி வந்து மாத்திரை வாங்கிச் செல்லும் தொழிலாளிக்கு நோய் முற்றுவது காலம் கடந்தே தெரியவரும்.

சோதனைகள் செலவு மிக்கவை என்பர். முற்றிய நோய்க்கு வேண்டிய எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் செலவோ அதனினும் பன்மடங்கு. மாத்திரையோடு கண்காணிப்புச் சோதனையையும் அரசுக் காப்பீட்டின் பிரிக்க இயலா அங்கமாக்குவதே அறிவுடைமை. மாறிக்கொண்டேயிருக்கும் நோயை ஒருமுறை எடுத்த படத்தை வைத்து வெல்ல இயலாது.