பீங்கானில் வார்த்த போர்

நீளம் ஒரு சாண்கூட இருக்காது. வெள்ளைப் பீங்கானில் வார்த்த டாங்கி, விளிம்பில் மெல்லிய பொன் கோடு, பக்கவாட்டில் ஏதோ ஒரு நகரத்தின் வண்ணச் சின்னம். முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டனில் இதுபோன்ற பொம்மைகள் கடைதோறும் விற்றன. போர்க்கப்பல், நீர்மூழ்கி, ஆகாயக் கப்பல், செஞ்சிலுவை ஆம்புலன்ஸ், கையெறி குண்டு, சிப்பாயின் தொப்பி என்று பலவற்றையும் பீங்கானில் செய்தார்கள். இன்று அவை பழம்பொருள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் கைமாறுகின்றன. கூடவே சில கதைகளும் வருகின்றன. “போர்முனையிலிருந்து தாத்தா கொண்டுவந்தது” என்பார்கள். “இந்த ஊர்ப் படைக்காகச் செய்தது, அதனால்தான் இந்த ஊர்ச் சின்னம்” என்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே சரியல்ல. எது சரி என்று தெரிந்துகொண்டால் இந்தப் பொம்மைகளின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

போர்முனையில் சிப்பாய்கள் கைவேலை செய்தது உண்மைதான். வெடித்துத் தீர்ந்த பித்தளைக் குண்டு உறைகளில் பூவேலை செதுக்கிப் பூச்சாடி ஆக்கினார்கள். அது வேறு வகை. பீங்கானுக்குச் சூளை வேண்டும், அச்சு வேண்டும், மெருகு வேண்டும். பதுங்குகுழியில் அதற்கு ஏது இடம்? இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் வட்டாரத்தில் பிறந்தவை. கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, சுட்டு, மெருகேற்றுவார்கள். சின்னத்தின் கோட்டுருவத்தை அச்சுத்தாளிலிருந்து ஒற்றி எடுத்து, உள்ளே வண்ணத்தைக் கையால் நிரப்புவார்கள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருப்பது தெரியும்.

ஊர்ச் சின்னத்தின் கதை போருக்கு முந்தியது. ரயில் பெருகி, 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டமும் வந்தபின், சாதாரணக் குடும்பங்களும் ஒரு நாள் கடற்கரைக்குப் போய்வரத் தொடங்கின. போனதற்கு அடையாளமாகக் கையடக்கமாய் எதையாவது வாங்கிவர வேண்டும். வில்லியம் ஹென்றி காஸ் என்பவரின் பீங்கான் தொழிற்சாலையில், அவர் மகன் அடால்ஃபஸ் இந்தத் தேவையைக் கண்டுகொண்டார். சிறிய பாண்டங்களில் அந்தந்த ஊர்ச் சின்னத்தைப் பொறித்து, ஊருக்கு ஒரு முகவர் வழியாக விற்கச் செய்தார். காஸ் நிறுவனம் அந்த விதியைக் கறாராகக் கடைப்பிடித்தது. பின்னால் வந்த அர்கேடியன், கார்ல்டன், கிராஃப்டன், சவாய் போன்ற பெயர்களில் விற்றவர்கள் அவ்வளவு கறார் காட்டவில்லை. அதனால்தான் ஒரே மாதிரி டாங்கிகளில் இன்று பிளாக்பூல் சின்னத்தையும் பார்க்கிறோம், லிங்கன் சின்னத்தையும் பார்க்கிறோம். லிங்கனுக்கு அந்த உரிமை உண்டு. முதல் டாங்கிகளை உருவாக்கிய ஃபாஸ்டர் நிறுவனம் அந்த ஊரில்தான் இருந்தது. பிளாக்பூல் சின்னத்துக்குப் பொருள், வாங்கியவர் கடற்கரைக்குப் போய்வந்தார் என்பது மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்கரைகளில் விற்ற மலிவான சின்னப் பீங்கான்களில் கணிசமானவை ஜெர்மனியிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வந்தவை. 1914-ல் அந்த வரத்து நின்றது. அந்தச் சந்தை ஸ்டோக் சூளைகளின் பக்கம் சாய்ந்தது. தேசபக்தி ஒருபுறம் இருக்க, போர்ப் பொம்மைகள் பெருகியதில் இந்த வியாபாரக் கணக்குக்கும் பங்கு உண்டு.

இனி, பொறிப்பை எவ்வளவு நம்பலாம்? 1915 ஏப்ரல் 16 அன்று எசெக்ஸ் மாவட்டத்து மால்டனில் ஜெர்மானிய ஆகாயக் கப்பல் ஒன்று தீக்குண்டு வீசியது. காஸ் நிறுவனம் அந்தக் குண்டையே பீங்கானில் செய்து, ஊரையும் தேதியையும் பொறித்து விற்றது. இங்கே பொறிப்பு சரி. டாங்கியில் நிலைமை வேறு. பல டாங்கிகளில், 1916 செப்டம்பரில் ஆங்க்ர் போரில் முதன்முதலாகப் பயன்பட்டது என்று எழுதியிருக்கும். மாதம் சரி, போர் தவறு. டாங்கிகள் முதலில் களமிறங்கியது 1916 செப்டம்பர் 15 அன்று, சோம் பகுதியில் ஃப்ளெர்-கூர்சலெட் தாக்குதலில். ஆங்க்ர் போர் நடந்தது நவம்பரில். பிழை எங்கிருந்து வந்திருக்கும்? 1917 ஜனவரியில் ஆங்க்ர் போரையும் டாங்கிகளின் முன்னேற்றத்தையும் சேர்த்தே தலைப்பாகக் கொண்ட அரசுத் தரப்புப் படம் ஒன்று திரையரங்குகளுக்கு வந்தது. மக்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகப் பதிந்திருக்கலாம் என்பது என் கணிப்பு.

அப்படிப் பதிந்ததில் வியப்பில்லை. தணிக்கை காரணமாக, டாங்கி களமிறங்கி இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் அதன் புகைப்படம் பத்திரிகைகளில் வரவில்லை. பிள்ளையைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அந்த இயந்திரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. சில பென்ஸ் கொடுத்து வாங்கிய பீங்கான் டாங்கி அவர்களுக்கு அந்த உருவத்தைக் காட்டியது. கொலைக்கருவியை அலமாரி அழகுப் பொருளாக்கினார்களே என்று இன்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தக் குறை எனக்கு நியாயமாகப் படவில்லை. முதல் டாங்கிகளுக்குப் பின்னால் திசை திருப்ப இரண்டு சக்கரங்கள் இருந்தன. பயனில்லை என்று பிறகு கைவிட்டார்கள். அந்தச் சக்கரங்களோடும் பீங்கான் டாங்கி உண்டு, அவை இல்லாமலும் உண்டு. போர்முனையில் நேர்ந்த மாற்றத்தை வீட்டு அலமாரி வரை கொண்டுவந்த பொருளை வெறும் விளையாட்டுச் சாமான் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

எனக்கு மிக நெருக்கமானது டாங்கி அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டு. கேலிச்சித்திரக்காரர் புரூஸ் பெயர்ன்ஸ்ஃபாதர் வரைந்த மீசைக்காரச் சிப்பாய் ‘ஓல்ட் பில்’ அந்நாளில் வீடுதோறும் அறிந்த முகம். அந்தச் சித்திரங்களைப் பதித்து கிரிம்வேட்ஸ் நிறுவனம் தட்டுகளும் கோப்பைகளும் செய்தது. தட்டைத் திருப்பினால் அடியில் ஒரு வாசகம்: பையன்கள் பதுங்குகுழிகளில் போரிட்டுக்கொண்டிருந்த 1917 குளிர்காலத்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் பெண்கள் செய்தது இது என்று. மேலே சிரிப்புச் சித்திரம், கீழே உழைத்தவர்களின் கையொப்பம். எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. ஆனாலும் ஒரு தொழிற்சாலை தன் பெண் தொழிலாளர்களைப் பொருளிலேயே குறித்து வைத்தது பெரிய விஷயம்.

போர் நீள நீள, பொருள்களும் மாறின. 1915 அக்டோபர் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்ட செவிலி எடித் கேவலின் நினைவுச்சிலை பீங்கானில் வந்தது. போர் முடிந்தபின், லட்யன்ஸ் வடிவமைத்த லண்டன் செனோடாஃப் நினைவுத்தூணின் சிறு வடிவங்கள் ஏராளமாக விற்றன. புதைகுழி எங்கே என்றே தெரியாத மகன்களின் வீடுகளில் அவற்றுக்கு என்ன இடம் இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்த அலை ஏன் திரும்பவில்லை? ரசனை மாறியது பாதிக் காரணம். 1930-களிலேயே சின்னப் பீங்கானுக்கு மவுசு போய்விட்டது. மீதிக் காரணம் அரசாணை. 1942 முதல் உள்நாட்டுச் சந்தைக்கு அலங்காரமில்லாத பாண்டங்களை மட்டுமே செய்யலாம் என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்படுத்தியது. வண்ணம் தீட்டியவை அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதிக்குப் போயின. கட்டுப்பாடு முழுவதும் விலகியது 1952-ல்தான்.

பிரிட்டனில் இருக்கும் நம் வாசகர்கள் பலர் வார இறுதிச் சந்தைகளில் இவற்றைக் கண்டிருக்கக்கூடும். வாங்கினால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். பின்சக்கரமும் பீரங்கிக் குழலும் ஒட்டவைத்தவையா என்று விரலால் தடவிப் பாருங்கள். சோடா, பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பொன் பூச்சு போய்விடும். விற்பவர் குடும்பத்தில் யார் வாங்கியது, எந்த ஊரில் என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். பொருளில் பொறிக்கப்படாத செய்தி அது.