ட்ஸாலன், பிட்டே!

கம்பெனி செலவில் வெளிநாடு போகிற நம் இளைஞர்கள் சூட்கேஸில் முதலில் வைப்பது புளிக்காய்ச்சல், அப்புறம்தான் பாஸ்போர்ட். தப்பில்லை. ஆனால் உங்கள் மேனேஜர் மனமிரங்கி வியன்னாவுக்கு அனுப்பினால், ஒரே ஒரு ராத்திரி மட்டும் புளிக்காய்ச்சலுக்கு லீவு கொடுத்துவிட்டு ஃப்ளைஷ்மார்க்ட் தெருவுக்குப் போங்கள். 11-ம் நம்பர். கிரீஷன்பைஸ்ல்.

1447-லேயே பதிவில் இடம்பெற்ற சாப்பாட்டுக் கடை. கொலம்பஸ் அமெரிக்காவுக்குக் கப்பலேற அப்போது இன்னும் 45 வருஷம் பாக்கி. 'பைஸ்ல்' என்றால் வியன்னா பாஷையில் சாதாரணமான, வீட்டுச் சமையல் கிடைக்கிற இடம். 'கிரீஷன்' என்றால் கிரேக்கர்கள். அந்தப் பேட்டையில் கிரேக்க வியாபாரிகள் நிறைய இருந்ததால் வந்த பெயர். உள்ளே போய் கிரேக்கச் சாப்பாடு கேட்டுவிடாதீர்கள். கிடைப்பது சுத்த ஆஸ்திரியச் சமையல்.

வாசலில் தரையில் ஒரு கம்பி மூடி இருக்கும். குனிந்து பார்த்தால் குழிக்குள் ஒரு பொம்மை மனிதர். பெயர் அகஸ்டின், தெருப்பாடகர். 1679-ல் வியன்னாவை பிளேக் வாட்டியபோது ஒரு ராத்திரி மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தாராம். பிணவண்டிக்காரர்கள் 'இதுவும் போச்சு' என்று தூக்கிப் போய்ப் பிணக்குழியில் போட்டுவிட்டார்கள். காலையில் போதை தெளிந்து எழுந்த மனிதர், குழிக்குள்ளிருந்தே வாத்தியத்தை எடுத்து வாசித்து ஆள் கூட்டி வெளியே வந்துவிட்டார். பிளேக்கும் அவரை ஒன்றும் செய்யவில்லை என்கிறது கதை. அவர் வழக்கமாகப் பாடிய இடம் இந்தக் கடைதான் என்று சொல்கிறார்கள். ஜனங்கள் குழியில் காசு போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். (குடிப்பதற்கு இதை ஒரு சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

உள்ளே ஒரு அறைக்கு மார்க் ட்வைன் பெயர். 1897 முதல் 1899 வரை வியன்னாவில் குடியிருந்தவர் அவர். சுவர், கூரை எல்லாம் கையெழுத்து. 'இதோ பீத்தோவன், அதோ ஷூபர்ட்' என்று காட்டுகிறார்கள். நாம் சுவரில் கிறுக்கினால் வாட்ச்மேன் துரத்துவார். எல்லாவற்றுக்கும் ஒரு கிரேடு வேண்டும் சார்.

*

மெனு கார்டில் முதலில் கண்ணில் படுவது வீனர் ஷ்னிட்சல். எலும்பில்லாத இறைச்சியைத் தட்டித் தட்டி அரை சென்டிமீட்டருக்கும் மெல்லிசாக்கி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் உருட்டி, வெண்ணெயை உருக்கியெடுத்த கொழுப்பில் மிதக்கவிட்டுப் பொரிக்கிறார்கள். அதாவது, நம்ம நெய்! மேல் தோல் இறைச்சியை விட்டு எழும்பிப் பூரி மாதிரி அலை அலையாக உப்பினால் சமையல்காரருக்கு நூற்றுக்கு நூறு. கூட ஒரு துண்டு எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு சாலட். கிரேவி கேட்டால் சர்வர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இதில் சட்டம் வேறு இருக்கிறது. வெறுமனே 'வீனர் ஷ்னிட்சல்' என்று போட்டால் கன்றுக்குட்டி இறைச்சியாகத்தான் இருக்க வேண்டும். பன்றி என்றால் கார்டிலேயே 'பன்றி' என்று சொல்லியாக வேண்டும். 1905-ல் ஆரம்பித்த ஃபிக்ல்முல்லர் என்ற கடையில் தட்டை விடப் பெரிய ஷ்னிட்சல் போடுகிறார்கள், பிரமாத கூட்டம். ஆனால் அது பன்றி. அதனால் 'ஃபிக்ல்முல்லர் ஷ்னிட்சல்' என்று தன் பெயரிலேயே விற்கிறார்கள். கூட்டம் குறையவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

*

அடுத்தது டாஃபல்ஷ்பிட்ஸ். மாட்டிறைச்சியைக் காய்கறி, கிழங்குகளோடு மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்தது. தொட்டுக்கொள்ள ஆப்பிளோடு ஹார்ஸ்ராடிஷ் என்கிற வேரைத் துருவிக் கலந்து தருவார்கள். காரம் நாக்கில் உறைக்காது. நேரே மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்காரும்.

1848 முதல் 1916 வரை ஆண்ட சக்கரவர்த்தி ஃபிரான்ஸ் யோசஃபுக்கு இதுதான் உயிர். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து மேஜையில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிற பேர்வழி. ஒரு பேரரசு கையில் இருந்தும் குமாஸ்தா வாழ்க்கை. விருந்துகளில் இவர் மளமளவென்று சாப்பிட்டு முடிப்பாராம். இவர் முள்கரண்டியை வைத்துவிட்டால் எல்லோர் தட்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது அரண்மனைச் சம்பிரதாயம். கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பரிமாறும்போதே விருந்து முடிந்திருக்கும். அவர்கள் பசியோடு நேரே ஸாக்கர் ஹோட்டலுக்கு ஓடுவார்கள் என்று ஊரில் ஒரு கதை. எம்.டி.யோடு லன்ச் சாப்பிட்டுவிட்டு கான்டீனுக்கு ஓடியவர்களுக்கு இது புரியும்.

*

அந்த ஸாக்கரின் கேக்குக்காகக் கோர்ட்டே ஏறியிருக்கிறார்கள். 1832-ல் இளவரசர் மெட்டர்னிக்கின் சமையலறையில் 16 வயதுப் பையன் ஃபிரான்ஸ் ஸாக்கர் செய்த சாக்லேட் கேக். பிற்பாடு ஸாக்கர் ஹோட்டல், 'அசல் எங்களுடையது' என்றது. டெமல் என்ற மிட்டாய்க் கடையோ, 'எங்களுடையதுதான்' என்றது. ஜாம் கேக்கின் நடுவிலும் வேண்டுமா, மேல் சாக்லேட்டுக்கு அடியில் மட்டும் போதுமா என்பது வரை பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். 1963-ல் சமாதானம். 'அசல்' என்ற பட்டம் ஸாக்கருக்கு. டெமலுக்கு வேறு பெயர். இரண்டையும் ருசித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் உரிமை உங்களுக்கு.

*

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஃப்ரிட்டாட்டன் சூப் என்று வரும். தோசையை நூலாக நறுக்கிப் போட்ட ரசம் மாதிரி சாதுவாகத் தெரியும். ரசம் அல்ல, மாட்டெலும்புச் சாறு! சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ, 'கைஸர்ஷ்மார்ன்' என்கிற பிய்த்துப் போட்ட இனிப்புப் பணியாரம், இரண்டிலும் முட்டை உண்டு. வேகவைத்த உருளைக்கிழங்கு எப்போதும் கைகொடுக்கும்.

மேஜையில் கூடை நிறைய ரொட்டி இருந்தால் இலவசம் என்று காலி பண்ணாதீர்கள். பல கடைகளில் எண்ணிக் கணக்குப் போடுவார்கள். சர்வரை 'ஹெர் ஓபர்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். கையைத் தட்டினால் கதை முடிந்தது. நீங்களாகக் கேட்காமல் பில் வராது. எழுந்து போ என்று சொல்வது அங்கே அநாகரிகம். அதனால் மனசாரச் சாப்பிட்டுவிட்டு, 'ட்ஸாலன், பிட்டே' என்றால் போதும். டிப்ஸை மேஜையில் வைத்துவிட்டு நழுவ வேண்டாம். பில் 27 யூரோ என்றால், பணத்தை நீட்டி 'முப்பது' என்று சொல்லுங்கள். மிச்சத்தை அவரே கணக்குப் பண்ணித் தருவார்.

எழுந்திருக்குமுன் மெனுவை ஒருதரம் திரும்பப் பாருங்கள். குலாஷ் ஹங்கேரிக்காரர்களுடையது. க்னோடல் என்கிற கொழுக்கட்டைகளில் பாதி, செக் மக்களின் பொஹீமியாவிலிருந்து வந்தவை. ஆப்பிள் ஷ்ட்ரூடலின் மாவை அடியில் காகிதம் வைத்தால் எழுத்து தெரிகிற அளவு மெல்லிசாக இழுக்கிறார்கள். அந்த வித்தை துருக்கியர்களிடமிருந்து ஹங்கேரி வழியாக வந்தது என்பார்கள். அதே துருக்கியர்கள் 1529-லும் 1683-லும் படையோடு வந்து வியன்னாவை முற்றுகையிட்டு, கோட்டைக்குள் கால் வைக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள்.

1918-ல் சாம்ராஜ்யம் துண்டு துண்டாகப் போய்விட்டது. எல்லைக்கு எல்லை வேறு கொடி, வேறு பாஷை, வேறு ரூபாய் நோட்டு. சாப்பாட்டு மேஜையில் மட்டும் யாரையும் பிரிக்கவில்லை. இனிமேல் பிரிக்கவும் முடியாது, ஷ்ட்ரூடலை யாராவது விட்டுக்கொடுப்பார்களா?